ஏழாம் எண் கொக்கி

நாங்கள் காபி குடித்த கடையில் உள்சுவரில் ஒரு தேக்குப் பலகை உண்டு. பலகையில் இரண்டு வரிசையாக இருபது பித்தளைக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் காது வைத்த ஓர் எவர்சில்வர் டம்ளர் தொங்கும். டம்ளரின் வயிற்றில் எண் வெட்டியிருக்கும். என் எண் பதினொன்று.

எதிர்ப்பக்கம் புதிதாக ஒரு கடை திறந்து, அதில் ரேடியோ வைத்து, காலை ஏழு மணிக்கே வடையும் போட ஆரம்பித்த பிறகுதான் எங்கள் கடைக்கார அண்ணாச்சிக்கு இந்த யோசனை வந்தது. வாடிக்கைக்காரர்கள் கை நழுவிப் போகாமல் இருக்க ஏதாவது கட்டு வேண்டும் என்றார். இருபது பேருக்கு அவரவர் டம்ளர், உள்ளே நீள மேசையில் அவரவர் இடம், முதல் டிகாக்ஷனில் காபி. மற்றவர்கள் வெளியே நின்று கண்ணாடி டம்ளரில் இரண்டாவது டிகாக்ஷனைக் குடித்துவிட்டுப் போகலாம். சந்தா கிடையாது. தினமும் வர வேண்டும், அவ்வளவுதான்.

அது எழுபதுகளின் தொடக்கம். புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் எழுத்தர். பதினெட்டு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன் என்பதும், என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்பதும் அண்ணாச்சிக்குத் தெரியும். விதிகளை எழுதித் தரச் சொன்னார். ஐந்து விதிகள் எழுதி, கண்ணாடி போட்டுப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டினோம். வருகைப் பதிவேடும் என் பொறுப்பில் வந்தது. எங்கள் அலுவலகத்தில் மிச்சமிருந்த அச்சடித்த பேரேடு அது. ஒன்று முதல் முப்பத்தொன்று வரை கட்டங்கள். வந்தவருக்கு ஒரு டிக், வராதவருக்கு வெற்றுக் கட்டம்.

இரண்டாவது விதி, எதிர்க்கடையில் குடிப்பதைப் பார்த்தால் ஒரு வாரம் டம்ளர் தலைகீழாகத் தொங்கும் என்பது. அந்த ஒரு வாரமும் அவர் வெளியே நிற்க வேண்டும். இதற்காகவே சிலர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எதிரே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சுங்க அலுவலகத்துப் பியூன் ஒருவர், பதினான்காம் எண், ஒரு நாள் மழைக்கு எதிர்க்கடையின் கூரைக்கடியில் ஒதுங்கினார். கையில் காபி இல்லை என்று அவர் சத்தியம் செய்தார். "வாய் ஈரமா இருந்துச்சே" என்றான் ஜன்னல் பக்கத்து ஆள். மழையில் நனைந்தவனின் வாய் வேறு எப்படி இருக்கும். ஆனாலும் கவிழ்த்தோம். ஒரு வாரம் அவர் வாசலில் நின்று குடித்ததை எல்லோரும் உள்ளேயிருந்து ரசித்தோம். நானும் ரசித்தேன்.

நான்காவது விதியைத்தான் இங்கே முழுதாகச் சொல்ல வேண்டும். "கடை திறந்திருக்கும் நாட்களில் தொடர்ந்து முப்பது நாள் வராதவருடைய கொக்கி, காத்திருக்கும் அடுத்தவருக்குப் போகும்." கடை திறந்திருக்கும் நாட்களில் என்ற சொற்களை அண்ணாச்சி சொல்லவில்லை. நான்தான் சேர்த்தேன். தீபாவளிக்கும், அவர் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் கடை அடைப்பு உண்டு. அந்த நாட்களை வராத நாளாகக் கொள்ளலாமா என்று பின்னால் சண்டை வரக்கூடாது என்று நினைத்தேன்.

அந்த நீள மேசையில் இடம் பிடிப்பது காபிக்காக மட்டுமல்ல. முதல் எண் டம்ளர், கப்பல் சரக்கு இறக்கும் கம்பெனி ஒன்றின் சூப்பர்வைசருடையது. காலை ஆறே முக்காலுக்கு அவர் வந்து மேசைத் தலைமாட்டில் உட்காருவார். அன்றைக்கு எந்தக் கப்பலுக்கு எத்தனை டாலி கிளார்க் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். மூட்டை எண்ணிக் குறிக்கிற தினக்கூலி வேலை அது. காபி முடிந்ததும் மேசையைச் சுற்றிப் பார்த்து, "நீ, நீ, நீ" என்பார். வெளியே நிற்பவர்கள் பக்கம் அவர் கண் போனதே இல்லை. அப்படி ஒரு விதி எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து விதிகளை விடவும் இது கண்டிப்பாக நடந்தது. தினக்கூலி டாலிக்காரர்கள் ஆறு பேர் எங்கள் மேசையில் இருந்தார்கள். அவர்களுக்குக் கொக்கி போனால் வேலை போச்சு.

ஏழாம் எண் அவர்களில் ஒருவர். நாற்பதை நெருங்கிய மனிதர். கடற்கரைத் தெருக்காரர். இளவயதில் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பில் குளித்தவர். பிறகு சில வருஷம் சங்கு குளித்துவிட்டு, காது கெட்டதும் கரைக்கு வந்து டாலிக்காரர் ஆனார். மூட்டை எண்ணுவதில் பிசகு இருக்காது. மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும். நாங்கள் ஒருவரையொருவர் எண் சொல்லித்தான் கூப்பிடுவோம். "ஏழு வாரான் பாரு" என்றால் அவர்.

ஒரு மார்கழியில் அவருக்கு இருமல் வந்தது. தை முடிந்தும் போகவில்லை. முதலில் எட்டாம் எண் தன் டம்ளரை அடுத்த வரிசையில் வேறொன்றோடு சேர்த்து மாட்டச் சொன்னான். பிறகு ஆறாம் எண். பலகையில் ஏழு மட்டும் தனியாகத் தொங்கியது. அண்ணாச்சி அந்த டம்ளரைத் தனிச் சட்டியில் கொதிநீரில் போட்டு, இடுக்கியால் எடுப்பார். "ஏழாம் நம்பருக்குக் காப்பியவிட டெட்டால் சாஸ்தி" என்று ஒருவன் சொன்னதும் மேசை முழுக்கச் சிரித்தது. ஏழும் சிரித்தார். சிரித்தால் இருமல் வரும் என்பதால் சீக்கிரம் நிறுத்திக்கொண்டார்.

பங்குனியில் டி.பி. என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் படுத்து ஊசி போட வேண்டும். புறப்படுவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு வந்து காபி குடித்துவிட்டு என்னிடம் வந்தார். நான்காவது விதியை ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும். இருந்தாலும் என் வாயால் கேட்க வேண்டும் என்றார். படித்தேன். கேட்டுக்கொண்டு, "முப்பதுக்குள்ள வந்து நிப்பேன் ரைட்டரய்யா. கொக்கிய மட்டும் பாத்துக்கிடுங்க" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அப்போது என் மனைவியின் தம்பி எங்கள் வீட்டில் இருந்தான். விளாத்திகுளம் பக்கம் ஒரு மில்லில் வேலை போய், ஏழு மாதமாக எங்களோடு. பகலெல்லாம் தூங்கி, சாயங்காலம் கடற்கரைக்குப் போய்விட்டு வருவான். கடையில் காத்திருப்போர் பட்டியலில் அவன் பெயர்தான் முதலில் இருந்தது. தினமும் வெளியே நின்று கண்ணாடி டம்ளரில் குடித்தான். ஊருக்கெல்லாம் பேர் எழுதுகிற கை சொந்த மச்சினன் பேரை எழுத நடுங்குகிறதோ என்று என் மனைவி கேட்பாள். சாப்பாடு போடும்போதுதான் கேட்பாள். இருபது கொக்கியும் நிறைந்திருக்கிறது என்று நானும் ஒவ்வொரு முறையும் பதில் சொல்வேன்.

ஏழு போன பிறகு மேசையில் பேச்சு அவரைப் பற்றியே இருந்தது. நாள் எண்ணுவது ஒரு விளையாட்டாகிவிட்டது. நான் பதிவேட்டைத் திறந்ததும், "இன்னைக்கு எத்தனை ஓட்டம் ரைட்டரே" என்று கேட்பார்கள். பன்னிரண்டு என்றால் கை தட்டுவார்கள். திரும்பி வருவாரா மாட்டாரா என்று பந்தயம் கட்டியவர்களும் உண்டு. அண்ணாச்சி பலகையைத் துடைக்கும்போது ஏழாம் கொக்கியை மட்டும் தொடமாட்டார்.

மூன்றாவது வாரத்தில் அண்ணாச்சி ஊரில் கொடை வந்தது. செவ்வாய்க்கிழமை கொடை. திங்கள், செவ்வாய், புதன் கடை அடைப்பு என்று சனிக்கிழமையே சொல்லிவிட்டார். அந்த மூன்று நாளும் விடுப்பு எடுத்துக்கொண்டு நாசரேத்தில் எங்கள் பழைய வீட்டுக்கு ஓடு மாற்றப் போனேன். வழக்கமாகக் கடை அடைக்கும் நாளின் கட்டங்களில் மேலிருந்து கீழாகச் சிவப்பு மையில் ஒரு கோடு இழுப்பேன். இந்த முறை பதிவேடு கடையில், நான் ஊரில். திரும்பி வந்தவன் வியாழக்கிழமைக் கட்டத்தில் டிக் போட்டுத் தொடர்ந்தேன். சிவப்புக் கோடு விட்டுப்போயிற்று.

முப்பதாவது நாள் முடிந்த மறு காலை, புதன்கிழமை, எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் வரிசை பிசகாமல் எண்ணுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறேன். எண்ண வேண்டிய வரிசைக்குக் கீழே அடிக்கோலை வைப்பேன். மேலே மைஒற்றுத் தாளை வைத்து மறைப்பேன். கண் அடுத்த வரிசைக்குத் தாவாது. அப்படித்தான் அன்றும் செய்தேன். ஏழாம் வரிசை மட்டும் தெரிந்தது. வெற்றுக் கட்டங்களைப் பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். முப்பது. மேலும் கீழும் மற்ற பத்தொன்பது பேருக்கும் மூன்று கட்டங்கள் வெறுமையாகக் கிடந்ததை என் அடிக்கோலும் தாளும் மறைத்துவிட்டன. தவறு வரக்கூடாது என்று செய்த ஏற்பாட்டிலேயே தவறு வந்தது.

முப்பது என்று வாசித்தேன். யாரும் கொடையைப் பற்றி நினைவுபடுத்தவில்லை. மூன்று நாள் தன் கடையைத் தானே அடைத்துப் போன அண்ணாச்சியும் ஒன்றும் சொல்லவில்லை. இடுக்கியை எடுத்து டம்ளரைக் கழற்றி, பழைய பேப்பரில் சுற்றி, பின்பக்கம் கொண்டுபோய் வைத்தார். அந்த டம்ளரில் இனி யாரும் குடிக்கமாட்டார்கள் என்பதால் புதிது வாங்கி ஏழு என்று வெட்டித் தருவதாகச் சொன்னார். புது டம்ளரை வெள்ளிக்கிழமைதான் மாட்டுவார். அதனால் என் மச்சினனுக்கு வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று.

அன்று சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் நாட்குறிப்பைத் திறந்தேன். ஏழாம் எண்ணின் கொக்கி காலியானதை எழுதும்போது, அவர் போன தேதியையும் சேர்த்து எழுத வேண்டும் என்று தோன்றியது. பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். சனிக்கிழமைப் பக்கத்தில் என் கையெழுத்தில் இருந்தது: "அண்ணாச்சி ஊர்க் கொடை. மூன்று நாள் கடை அடைப்பு." விரல் விட்டு எண்ணினேன். இருபத்தேழு நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் மூன்று நாள் அவருக்கு இருந்தது.

அடுக்களையில் என் மனைவி தம்பியின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைக்கு. அவள் முகத்தில் எட்டு மாதத்தில் நான் பார்க்காத ஒரு தெளிவு இருந்தது. வியாழக்கிழமை காலை கடைக்குப் போய் எண்ணிக்கையில் பிழை என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். நான் பிழை விடுகிறவன் என்று இருபது பேர் முன்னால் சொல்ல வேண்டும். பிறகு வீட்டுக்கு வந்தும் சொல்ல வேண்டும். ஏழு எப்படியும் திரும்பி வரப்போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைய பக்கத்தில் எழுதியது இதுதான்: "ஏழு காலி. மேற்கிலிருந்து கச்சான் காற்று. காபி நன்று." பிழையைப் பற்றி எழுதவில்லை. வியாழக்கிழமை கடைக்குப் போனேன், குடித்தேன், வந்தேன்.

வெள்ளிக்கிழமை ஆறரைக்கு என் மச்சினன் புதுப் பொத்தான் வைத்த சட்டையோடு ஏழாம் இடத்தில் உட்கார்ந்து, புது டம்ளரில் முதல் காபியைக் குடித்துக்கொண்டிருந்தான். சூப்பர்வைசரும் வந்துவிட்டார். அப்போது வாசலில் ஏழு வந்து நின்றார்.

முகம் மழித்திருந்தார். சட்டை தொளதொளவென்று இருந்தது. பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி விரித்துப் பிடித்தார். சளியில் இப்போது கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், மாத்திரை மட்டும்தான் பாக்கி என்றும் சொன்னார். யாரும் சீட்டை வாங்கவில்லை. அவர் பார்வை பலகைக்குப் போயிற்று. பிறகு மேசைக்கு.

"என் தம்ளர் எங்க அண்ணாச்சி?"

"முப்பது தாண்டிட்டுல்லா. ரைட்டர் எண்ணுனாரு" என்று அண்ணாச்சி பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

அவர் என் பக்கம் திரும்பினார். கோபமாக இல்லை. மூட்டைக் கணக்கில் வித்தியாசம் வந்தால் கப்பலில் எப்படிப் பேசுவாரோ அப்படிப் பேசினார். "நானும் கட்டில் கம்பியில நூல் கட்டி எண்ணுனேன் ரைட்டரய்யா. நேத்தோட இருவத்தொம்பது. கொடைக்கு மூணு நாளு கடை இல்லன்னு வீட்டுக்காரி வந்து சொன்னா. அத நீங்க சேத்துட்டீய."

என் மச்சினன் டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தான். அந்த இடத்தில் நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பதிவேட்டுல முப்பது கட்டம் காலியா இருக்கு. நான் பதிவேட்டத்தான் பார்க்க முடியும்."

"ரூலு அங்கன மாட்டியிருக்கே. நீங்க எழுதுனதுதான."

அவர் உள்ளே வந்து கண்ணாடிச் சட்டத்தின் முன்னால் நின்று, நான்காவது விதியில் விரலை வைத்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். "கடை திறந்திருக்கும்..." இரண்டு சொல்தான். இருமல் பிடித்துக்கொண்டது. சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார். நிறுத்த முயன்றதில் இன்னும் அதிகமாயிற்று.

சூப்பர்வைசர் தன் டம்ளரைக் கையால் மூடிக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்ததும் மேசை முழுக்க எழுந்தது. இருபது பேரும் டம்ளரோடு வாசலுக்குப் போனோம். ஏழு மட்டும்தான் உள்ளே. "ஏலே, மூச்ச வாங்கிட்டு வா. பொறவு ரூல் பேசலாம்" என்றார் சூப்பர்வைசர், வெளியிலிருந்து. எட்டாம் எண் அதற்கு மேல் ஒன்று சொன்னான். "ஒம்பது பாகம் ஆழத்துல முங்கி முத்து எடுத்தவன்லா. கரையில ஒரு வரி படிக்கதுக்கு மூச்சு இல்ல." சிரித்தார்கள். இம்முறை அவர் சிரிக்கவில்லை. விரல் இன்னும் அந்த வரியில் இருந்தது.

சூப்பர்வைசர் தெருவிலேயே நின்று அன்றைக்கு ஆள் எடுத்தார். உரக் கப்பல். "நீ, நீ, நீ." மூன்றாவது நீ என் மச்சினன். அவர்கள் போனார்கள். அண்ணாச்சி ஒரு கண்ணாடி டம்ளரில் காபி ஊற்றி வாசற்படியில் வைத்தார். ஏழு வெளியே வந்து, குனிந்து எடுத்து, நின்றபடி முழுதும் குடித்துவிட்டு அதே படியில் வைத்துவிட்டுப் போனார். தெருமுனை திரும்பியதும் அண்ணாச்சி அதை ஒரு குச்சியால் ஓடைக்குள் தள்ளிவிட்டார்.

அதன்பின் சில மாதங்கள் அவர் ஆறே முக்காலுக்கு எதிர்க்கடை வாசலில் நிற்பதைப் பார்த்தோம். அங்கே எந்த சூப்பர்வைசரும் வருவதில்லை. பிறகு உப்பளத்தில் மூட்டை பிடிக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டோம். உப்புத் தூசி அந்த நெஞ்சுக்கு ஆகாது என்று மேசையில் ஒருவர் சொன்னார். எல்லோரும் ஆமாம் என்றோம். மூத்த பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்பதும் அந்த மேசையில்தான் காதில் விழுந்தது.

புதுத் துறைமுகம் திறந்து, நிரந்தர டாலி வேலைக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். முன் அனுபவத்துக்குக் கப்பல் ஏஜெண்டுகளிடமிருந்து கடிதம் வேண்டும். என் மச்சினன் மனுப் போட்டிருந்தான். ஒரு மதியம் ஏழு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். எங்கள் கப்பல்களில் அவர் எத்தனையோ தடவை எண்ணியிருக்கிறார். முதலாளி என்னிடம் அனுப்பி, உள்ளதை எழுதிக் கொடு என்றார்.

நான் பழைய டாலிச் சீட்டுகளை எடுத்து, எந்தெந்தக் கப்பல், எந்த மாதம், எல்லாம் பார்த்து ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தேன். கணக்கில் பிசகியதே இல்லை என்றும் எழுதினேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து தட்டச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிக் கப்பலுக்குப் பிறகு ஏன் வேலை இல்லை என்று படிப்பவர் கேட்பார் அல்லவா. அதனால் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். காசநோய் கண்டு சிகிச்சை பெற்றதால் அதன்பின் பணியில் அமர்த்தப்படவில்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. குணமாகிவிட்டது என்று அவர் காட்டிய சீட்டைப் பற்றி எழுதவில்லை. அதை நான் கையில் வாங்கிப் படித்ததில்லை.

முதலாளி படிக்காமல் கையெழுத்துப் போட்டார். ஏழுக்கு ஆங்கில எழுத்துக்கள் தெரியும், மூட்டைகளின் குறி படிக்கிற அளவுக்கு. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வேலை பார்த்ததெல்லாம் எழுதியிருக்கிறது என்றேன். உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன்.

"அன்னைக்கு ஒங்கள நாலு பேருக்கு முன்னால கேட்டுட்டேன் ரைட்டரய்யா. மனசுல வச்சுக்கிடாதீய" என்றார்.

பரவாயில்லை என்றேன்.

துறைமுக வாசலில் பட்டியல் ஒட்டிய அன்று நான்தான் போய்ப் பார்த்தேன். மச்சினன் பெயர் மேலிருந்து ஒன்பதாவது. கீழே வரை விரல் வைத்துப் படித்தேன். பிறகு இன்னொரு முறை படித்தேன். ஏழாம் எண்ணின் பெயர் இல்லை. நான் எழுதிய வரிதான் காரணமா என்று உள்ளே போய் விசாரித்திருக்கலாம். அங்கே எனக்குத் தெரிந்தவர்கள் இருவர் இருந்தார்கள். விசாரித்தால் அதை நாட்குறிப்பில் எழுதி வைக்க வேண்டியிருக்கும் என்பதால் விசாரிக்கவில்லை.